வேற என்ன போட்டீங்க?

புதுச்சேரிப் பக்கம் பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா அறுவடை தொடங்கிவிட்டால், ஒற்றைக் கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு கண் மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை கூடிவிடும். நெல் தூற்றும்போது உமி விழுந்தவர், கரும்புச் சோகை உரிக்கையில் அதன் விளிம்பு கீறியவர், பால் கறக்கும்போது மாட்டின் வால் கண்ணில் பட்டவர் என்று வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "பெருசா ஒண்ணும் இல்ல சார், லேசா உறுத்துது." அந்த உறுத்தல் என்றைக்குத் தொடங்கியது, அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் அந்தக் கண்ணுக்கு என்னென்ன செய்தார்கள் என்ற இரண்டு விவரங்கள்தான் எனக்கு முதலில் வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் சுலபமாக வந்துவிடும். இரண்டாவதற்கு வராது.

கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் கருவிழி, நடுப்பகுதியில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன்தான். அதற்குள் ரத்தக் குழாய் ஒன்றுகூடக் கிடையாது. ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டுமென்றால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. ரத்தம் போகாத இடத்துக்கு, கிருமியோடு போராடும் வெள்ளணுக்களும் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஆகவே கருவிழிக்கு முதல் காவல் அதன் மேல்தோல். ஐந்து முதல் ஏழு செல் அடுக்குகள் கொண்ட அந்த மெல்லிய தோல் கிழியாதவரை பெரும்பாலான கிருமிகளால் உள்ளே நுழைய முடியாது. கிழிந்தாலும் சட்டென்று மூடிக்கொள்ளும். சிறு கீறல் என்றால் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். உடம்பில் இவ்வளவு விரைவாக ஆறும் இடங்கள் குறைவு.

ஆபத்து அந்த ஒன்றிரண்டு நாளில்தான். மண்ணிலும் காய்ந்த தாவரங்களிலும் வாழும் ஃப்யூசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்துகள் உமியிலும் சோகையிலும் ஒட்டியிருக்கும். கீறல் வழியே உள்ளே போன வித்து, நூல் நூலாக முளைத்துக் கருவிழியின் அடுக்குகளை ஊடுருவும். பாக்டீரியா புண் என்றால் பெரும்பாலும் ஓரிரு நாளில் கடும் வலியும் சீழுமாகக் காட்டிக்கொடுத்துவிடும். பூஞ்சைக்கு அந்த அவசரம் இல்லை. முதல் சில நாட்களுக்குச் சிவப்பும் நீர் வடிதலும்தான். வேலைக்குப் போய்க்கொண்டே சமாளித்துவிடலாம் என்று தோன்றும். "கண்ணுல பூ விழுந்திருச்சு" என்று வீட்டில் யாராவது வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லும்போது ஒரு வாரம் ஓடியிருக்கும்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு 1994-ன் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரைப் பற்றிய ஆய்வு 1997-ல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு முன்பே கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி இன்னதென்று கண்டுபிடிக்கப்பட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் காரணம் பூஞ்சை. குளிர்நாட்டுப் பாடநூல்களில் அரிதான நோயாகப் படித்ததை நம் வயல்காட்டு மருத்துவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். 2015–19-ல் நடந்த தேசியப் பார்வையிழப்புக் கணக்கெடுப்பின்படி, ஐம்பது வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பார்வையிழப்புக்கு முதற்காரணம் கருவிழி வெளுத்துப்போவதுதான்: 37.5 சதவீதம். குடும்பத்துக்குச் சோறு போடும் வயதில் போகும் கண் அது.

உமி விழுந்த கண் நேராக மருத்துவமனைக்கு வருவதில்லை. தெருவில் தூசி எடுக்கத் தெரிந்த ஒரு அம்மா இருப்பார். நாக்கு நுனியால் இமைக்கடியைத் துழாவி எடுத்துவிடுவார். கைக்குழந்தைக்காரி யாரிடமாவது தாய்ப்பால் வாங்கி ஊற்றுவார்கள். விளக்கெண்ணெய் விடுவதும் உண்டு, நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டுவதும் உண்டு. இவை எல்லாவற்றையும்விட எனக்கு அச்சம் தருவது மருந்துக் கடையில் "கண்ணு சிவப்புக்கு" என்று கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் சிவப்பு மறுநாளே வடிந்துவிடும், உறுத்தலும் குறையும். குறைந்தது உடம்பின் எதிர்ப்பு மட்டும்தான். எதிர்ப்பு அடங்கிய இடத்தில் பூஞ்சை தன் பாட்டுக்கு வளரும். நோயாளிக்கோ அது நல்ல மருந்து. அவருக்கு அதை நம்பக் காரணமும் இருக்கிறது, கண்ணெதிரே வேலை செய்ததல்லவா?

குருவிநத்தம் பக்கத்திலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர். கூட மனைவி. ஸ்லிட் லேம்ப் என்ற உருப்பெருக்கியில் பார்த்தால் கருவிழியின் நடுவில் வறண்ட சாம்பல் நிறப் புண். ஓரங்கள் இறகுபோல் பிரிந்திருந்தன, பக்கத்திலேயே இரண்டு சிறு புள்ளிகள். பூஞ்சை என்று சந்தேகிக்க இது போதும்.

"வேற என்ன போட்டீங்க ஐயா?"

"ஒண்ணும் போடல சார். தண்ணி ஊத்திக் கழுவினதோட சரி."

மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். "எங்க வீட்டுலயும் தாய்ப்பால் ஊத்துவாங்கம்மா. கடையில மருந்து வாங்கிப் போடாதவங்க யாரு? நான் திட்ட மாட்டேன். எது போட்டீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு மருந்து எழுத வரும்."

அந்த அம்மா மஞ்சள் பையைத் துழாவி, ரேஷன் கார்டுக்கு அடியிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். டெக்ஸாமெத்தசோன் கலந்த சொட்டு மருந்து. முக்கால்வாசி தீர்ந்திருந்தது. "இதுலதான் மூணு நாள் நல்லா இருந்துச்சு சார்," என்றார் கணவர் மெதுவாக.

அந்த பாட்டிலால் அன்று இரண்டு முடிவுகள் மாறின. ஸ்டீராய்டை உடனே நிறுத்த வேண்டும் என்பது ஒன்று. புண் கண்ணுக்குத் தெரிவதைவிட ஆழமாகப் போயிருக்கக்கூடும் என்று எதிர்பார்த்து, அவரை வீட்டுக்கு அனுப்பாமல் படுக்கையில் சேர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. புண்ணைச் சுரண்டி எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு திரவத்தில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சில நிமிடங்கள் போதும். கிளை கிளையாகப் பூஞ்சை இழைகள் தெரிந்தன. மணிக்கொரு தரம் நேட்டமைசின் சொட்டு, இரவிலும் எழுப்பி. இது பழைய மருந்து. இதைவிட நவீனமான வோரிகோனசோல் மேலாக இருக்கும் என்று பலரும் நினைத்த காலம் ஒன்று இருந்தது. அரவிந்தின் மதுரை, புதுச்சேரி, கோவை மருத்துவமனைகளில் 323 நோயாளிகளைச் சேர்த்து நடந்த ஆய்வு 2013-ல் வெளியாகி, நேட்டமைசின்தான் சிறந்தது, அதிலும் ஃப்யூசேரியம் வகைக்கு மிகத் தெளிவாகச் சிறந்தது என்று காட்டியது. இன்று உலகம் முழுக்கப் பின்பற்றும் அந்த முடிவுக்கு நம் வட்டார உழவர்களின் கண்கள் சான்றாக நின்றிருக்கின்றன. இது எனக்குப் பெரிய விஷயம்.

நோயாளியின் நம்பிக்கையை நல்ல பண்பின் கணக்கிலேயே மருத்துவக் கல்லூரிகளில் சேர்க்கிறார்கள். எனக்கு அது நோயறியும் முறையின் ஒரு பகுதி. பையிலிருந்து அந்த பாட்டில் வெளியே வருமா வராதா என்பதை ஸ்லிட் லேம்பின் உருப்பெருக்கம் தீர்மானிப்பதில்லை. முதல் வருகையில் "யாரு இதெல்லாம் போடச் சொன்னது?" என்று ஒருமுறை குரல் உயர்ந்தால் போதும். அடுத்த தடவை அவர் மறைப்பார், அவரைப் பார்த்து அவருடைய தெருவும் மறைக்கும்.

இந்தப் புண் வராமலே தடுக்க வழி உண்டு. தென்தமிழகக் கிராமங்களில் சுமார் 48,000 மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 2006-ல் வெளியானது. கண்ணில் கீறல் பட்டவர்கள் ஊரிலேயே இருக்கும் சுகாதாரப் பணியாளரிடம் வர வேண்டும். அவர் மூன்று நாளுக்குக் களிம்பு போடுவார், அவ்வளவுதான். கருவிழியில் கீறலோடு வந்த 374 பேரில் ஒருவருக்கும் பூஞ்சைப் புண் வரவில்லை. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் அறுவடைக் காலத்திலாவது ஆஷா பணியாளர் ஒவ்வொருவரிடமும் அந்தக் களிம்பும், கீறலைப் பச்சையாகக் காட்டும் ஃப்ளூரசீன் தாளும், ஒரு நீல விளக்கும் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்மருத்துவர் தேவையில்லாத வேலை இது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் தேவைப்படும் வேலை.

கருவிழியிலிருந்து கண்புரைக்கு வருவோம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் கண்புரை என்று முன்பு சொன்ன தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. புரை ஏன் வருகிறது என்று கேட்பவர்களிடம் நான் மரத்தைக் காட்டுவேன். கண்ணின் உள்ளே இருக்கும் இயற்கை லென்ஸ் வாழ்நாள் முழுக்க வெளிப்புறமாகப் புது அடுக்குகளைச் சேர்த்துக்கொண்டே போகிறது, பழைய அடுக்கு எதுவும் உதிர்வதில்லை. மரத்தில் வைரம் பாய்வது போல நடுப்பகுதி இறுகிப் பழுப்பேறுகிறது. நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான புரதம் எண்பது வயதிலும் அதே இடத்தில் இருக்கும். அந்த செல்களில் உட்கருவே இல்லாததால் கெட்டுப்போன புரதத்தை மாற்றிப் புதிதாகச் செய்ய முடியாது. சொட்டு மருந்தால் புரை கரையாது என்று சொல்லும்போது இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெரிந்தவர்கள் விளம்பரத்தில் வரும் மருந்துக்குப் பணம் கட்டுவது குறைகிறது.

காரணம் தெரிந்தும் அறுவைக்கு வராதவர்கள் பலர். பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ கண் மருத்துவமனைக்கு வர ஓரிரு பஸ் ஏறினால் போதும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. கடலூர் சாலையில் தவளக்குப்பத்தில் 2003-ல் அரவிந்த் வந்துவிட்டது. அதற்கு வெகுமுன்பிருந்தே, பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் இருக்கிறது. இலவச முகாம், இலவச லென்ஸ், கூட்டிவந்து கொண்டுபோய் விடும் வண்டி எல்லாம் உண்டு. ஆனாலும் தமிழகக் கிராமங்களில் நடந்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று, கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் 7 சதவீதம் பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று கண்டது. முகாமை வெற்றி என்று கொண்டாடிக்கொண்டிருந்தவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி அது. முகாமுக்கு வந்தவர்களை எண்ணிய நாம், வராமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை எண்ணவில்லை. 2004-லிருந்து அரவிந்த் சிறு ஊர்களில் நிலையான பார்வை மையங்களைத் தொடங்கியதற்கு இந்தக் கண்டுபிடிப்பு ஒரு காரணம். பயிற்சி பெற்ற ஒரு பெண், ஒரு ஸ்லிட் லேம்ப், மருத்துவரோடு பேச இணைய இணைப்பு. முகாம் வந்துபோய்விடும், மையம் நாளைக்கும் அங்கேயே இருக்கும். நாளைக்கும் இருப்பவரைத்தான் ஊர் நம்பும்.

ஊரின் அச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. அதற்கு நெடிய நினைவு இருக்கிறது. ஊசியால் குத்திப் புரையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடும் முறை சுஸ்ருதர் காலத்திலிருந்து வழக்கத்தில் இருந்தது. தள்ளியவுடன் ஒளி உள்ளே பாயும். விரலைக் காட்டி எண்ணச் சொல்வார்கள், நோயாளி எண்ணிவிடுவார். காசை வாங்கிக்கொண்டு, கட்டை அவிழ்க்காதே என்று சொல்லிவிட்டு வைத்தியர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். சீழ் பிடிப்பதும் அழுத்தம் ஏறிக் கண் போவதும் அதற்குப் பிறகு. சென்னை அரசு கண் மருத்துவமனையின் தலைவராக 1904 முதல் 1914 வரை இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் இப்படிக் குத்தப்பட்ட 780 கண்களின் கதியைத் தொகுத்து 1918-ல் தனி நூலே எழுதினார். அறுத்துப் புரையை வெளியே எடுக்கும் முறையை பிரான்சில் ஜாக் தவியேல் 1747-ல் செய்துகாட்டியபோது, புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்தார். அந்த அறிவு கப்பலேறி வந்து நம் கிராமத்து வாசல்வரை சேர இரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

நம் தாத்தா பாட்டிமார் பார்த்த அறுவையும் சுகமானது அல்ல. புரையை எடுத்துவிடுவார்கள், உள்ளே லென்ஸ் வைக்க மாட்டார்கள். லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று முதல் செயற்கை லென்ஸை வைத்துவிட்டார் என்றாலும், அது ஏழைக்கு எட்டும் விலையில் கிடைத்தது மதுரையில் லென்ஸ் தயாரிக்கும் ஆரோலேப் 1992-ல் தொடங்கப்பட்ட பிறகுதான். அதுவரை தடித்த சோடாபுட்டிக் கண்ணாடி. பொருள்கள் கால்வாசிக்கும் மேல் பெரிதாகத் தெரியும், படி எங்கே இருக்கிறது என்று தெரியாது, கண்ணாடி உடைந்தால் மறுபடி இருட்டு. அப்படித் தடுமாறிய ஒருவரைப் பார்த்து வளர்ந்த பெண்மணி இன்று எழுபது வயதில் "எனக்கு வேணாம்பா" என்று சொன்னால், அவர் தன் கண்ணால் பார்த்த சான்றை வைத்துத்தான் பேசுகிறார்.

அந்தச் சான்றை வெல்ல இன்னொரு சான்றுதான் வேண்டும். எந்த வகைப் பிரசாரம் ஆட்களை அறுவைக்குக் கொண்டுவருகிறது என்று தென்னிந்தியக் கிராமங்களில் முறையாகச் சோதித்துப் பார்த்து 1991-ல் வெளியிட்டார்கள். மற்ற பிரசார முறைகள் அவ்வளவு உதவவில்லை. இரண்டுதான் நின்றன. அறுவைக்கான செலவோடு போக்குவரத்து, சாப்பாட்டுச் செலவையும் சேர்த்து ஏற்றுக்கொள்வது ஒன்று. ஏற்கெனவே அறுவை செய்துகொண்ட ஒருவர் வீடு வீடாகப் போய்ப் பேசுவது மற்றொன்று. என் வெளிநோயாளர் பிரிவில் இதை அன்றாடம் பார்க்கிறேன். ஒரு தெருவில் ஒரு ஆயாவுக்கு நன்றாக அமைந்தால் அடுத்த மாதம் அதே தெருவிலிருந்து நான்கைந்து பேர் வருவார்கள். ஒரு கண்ணில் கிருமி புகுந்தால் சில வருடங்களுக்கு அந்தத் தெரு வராது.

ஆகவே ஊரின் நம்பிக்கையை முதலில் காப்பாற்ற வேண்டிய இடம் அறுவை அரங்கு. அறுவை முடியும் தறுவாயில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைச் செலுத்தும் வழக்கத்தை அரவிந்த் மருத்துவமனைகள் ஆறு லட்சம் அறுவைகளில் ஒப்பிட்டுப் பார்த்தன. உட்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாக இறங்கியது என்று 2017-ல் வெளியிட்டார்கள். பத்தாயிரம் பேருக்கு ஏழு கண் என்றிருந்தது இரண்டானது. காப்பாற்றப்பட்ட அந்த ஐந்து கண்களுக்குப் பின்னால் ஐந்து தெருக்கள் இருக்கின்றன என்றுதான் நான் அந்த எண்ணைப் படிக்கிறேன்.

அறுவையின்போது நோயாளி விழித்திருக்கிறார். கண் மட்டும் மரத்திருக்கும், காது நன்றாகக் கேட்கும். வெள்ளை விழியில் ஆறு மில்லிமீட்டர் அளவுக்குத் தானே மூடிக்கொள்ளும் சுரங்க வழி அமைத்து, அதன் வழியாக இறுகிய புரையை வெளியே எடுத்து, அது இருந்த பைக்குள்ளேயே லென்ஸை வைக்கிறோம். அந்தப் பையின் பின்சுவர் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் நான்கு பங்கு தடிமன். அது கிழிந்தால் எளிய அறுவை கடினமான அறுவையாகிவிடும். பயந்த நோயாளி மூச்சைப் பிடிப்பார், ரத்த அழுத்தம் ஏறும், கண்ணுக்குள் அழுத்தம் கூடும், பின்சுவர் முன்னே தள்ளும். அறுவையின்போது யாராவது நோயாளியின் கையைப் பிடித்திருந்தால் பதற்றமும் ரத்தத்தில் அட்ரினலின் அளவும் குறைவதை 2001-ல் வெளியான கொரிய ஆய்வு அளந்தே காட்டியிருக்கிறது. ஆகையால் செவிலியர் ஒருவர் கையைப் பிடித்துக்கொள்கிறார், நான் பேசிக்கொண்டே செய்கிறேன். "இப்ப தண்ணி சில்லுன்னு இருக்கும் ஆயா." "இப்ப கொஞ்சம் அழுத்துற மாதிரி இருக்கும், வலிக்காது." சொன்னது சொன்னபடியே நடக்கும்போது மூச்சு சீராகிவிடும். சொல்லாமல் ஒருமுறை அழுத்திவிட்டால், அடுத்துச் சொல்வது எதையும் அவர் காது வாங்காது.

எந்தத் திறனுள்ள லென்ஸ் என்பதையும் பேசித்தான் முடிவுசெய்ய வேண்டும். பொதுவாகத் தூரப் பார்வைக்குப் பொருந்தும் லென்ஸை வைப்போம், பக்கத்துப் பார்வைக்குக் கண்ணாடி கொடுப்போம். வில்லியனூரில் சுடுமண் சிற்பம் செய்யும் ஒருவர் வந்தார். புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் அது. "நாள் முழுக்க எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டதற்கு, கையை முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்துக் காட்டினார். ஈரக் களிமண் கையோடு கண்ணாடியை ஏற்றி இறக்க முடியாது. அவருக்கு அந்த ஒரு முழத்துக்கு லென்ஸைக் கணக்கிட்டோம், பஸ் எண் பார்க்கக் கண்ணாடி எழுதிக்கொடுத்தோம். கேட்காமல் வைத்திருந்தால் பரிசோதனைப் பலகையில் கடைசி வரிவரை படித்துவிட்டு, வேலைக்கு உதவாத கண்ணோடு வீடு திரும்பியிருப்பார்.

புரையில் பலன் மறுநாள் கட்டு அவிழ்த்தவுடன் தெரிந்துவிடும். கண் அழுத்த நோயில் அந்த வசதி கிடையாது. கண்ணுக்குள் நிமிடத்துக்கு இரண்டரை மைக்ரோலிட்டர் நீர் சுரந்துகொண்டே இருக்கிறது, அதே அளவு வடிகிறது. வடிகால் சுணங்கினால் அழுத்தம் ஏறி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகும். போன இழை திரும்பாது. பக்கவாட்டுப் பார்வை முதலில் குறைவதால் நோயாளிக்கு நெடுங்காலம் ஒன்றும் தெரியாது. தென்தமிழகக் கிராமங்களில் நடந்து 2003-ல் வெளியான கணக்கெடுப்பில், நாற்பது வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. இதன் பொதுவான வகை இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோருக்கு அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாது.

இவர்களிடம் நான் கேட்பது கடினமான காரியம். நன்றாகத் தெரிகிற கண்ணுக்குத் தினமும், ஆயுள் முழுக்க, காசு செலவழித்துச் சொட்டு மருந்து போட வேண்டும். போட்டால் பார்வை கூடாது. கண் கொஞ்சம் எரியும், சிவக்கும். ஸ்டீராய்டு பாட்டில் தந்த உடனடி சுகத்துக்கு நேர் எதிர். இங்கே "சரியாயிடும்" என்று ஒரு சொல் அதிகமாகச் சொன்னாலும் மூன்றாம் மாதம் அவர் மருந்தை நிறுத்திவிடுவார். பார்வை கூடவில்லை, டாக்டர் சொன்னது பொய் என்று அவருக்குத் தோன்றும், அது சரியும்கூட. ஆகவே முதல் நாளே மனைவியையோ மகளையோ உட்காரவைத்துச் சொல்லிவிடுகிறேன்: "போனது வராது. இருக்கறத காப்பாத்தத்தான் இந்த மருந்து. போட்டா ஒண்ணும் தெரியாது. அப்படி ஒண்ணும் தெரியாம இருக்கறதுதான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்." கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தில் விரலால் இரண்டு நிமிடம் அழுத்திக்கொள்வது என்று அவர்களையே செய்துகாட்டச் சொல்வேன். கண்ணில் தங்குவது ஒரு சொட்டைவிடக் குறைவான அளவுதான். இரண்டாவது சொட்டு கன்னத்தில் வழிந்து காசை வீணாக்கும். பிறகு கூடப்பிறந்தவர்களைப் பற்றிக் கேட்பேன், நெருங்கிய ரத்த உறவில் இந்த நோய் வர வாய்ப்பு பல மடங்கு அதிகம் என்பதால். பொய்யான ஆறுதல் சொல்லியிருந்தால் அண்ணன் தம்பியைக் கூட்டிவரமாட்டார்கள்.

கடைசியாக, நோயாளிகள் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம். பார்வை மிகவும் மங்கிய முதியவர்களில் சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரியும். ஜெனீவாவில் சார்ல் பொன்னே என்ற இயற்கையியலாளர் 1760-ல் தன் தாத்தாவைப் பற்றி இதை எழுதினார். புரையால் பார்வை குன்றிய அந்த முதியவருக்கு மனிதர்களும் பறவைகளும் கட்டடங்களும் தெரிந்தன, புத்தியோ தெளிவாக இருந்தது. கண்ணிலிருந்து செய்தி வருவது குறைந்தால், மூளையின் பார்வைப் பகுதி தானாகவே இயங்கத் தொடங்குகிறது. 1998-ல் லண்டனில் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நிறம் தெரிந்த நேரத்தில் நிறத்தை உணரும் பகுதியும், முகம் தெரிந்த நேரத்தில் முகத்தை அறியும் பகுதியும் உண்மையாகவே இயங்கின.

கிருமாம்பாக்கம் பக்கத்து ஆயா ஒருவர், மகன் பில் கட்ட வெளியே போன பிறகு மெதுவாகக் கேட்டார்: "டாக்டரே, செத்துப்போனவங்க கண்ணுக்குத் தெரிவாங்களா?" யார் வருகிறார்கள் என்று கேட்டேன். தெரிந்த முகம் இல்லையாம். பச்சைப் பாவாடை கட்டிய சின்னப் பிள்ளைகள், வாசல் பக்கம், சாயங்காலத்தில், பேசுவதே இல்லை. மருமகளிடம் சொன்னால் புத்தி பேதலித்துவிட்டது என்பாள், ஊரில் சொன்னால் காத்துக் கறுப்பு என்று வேப்பிலை அடிப்பார்கள். பல மாதமாக வாயைத் திறக்கவில்லை. அவர் அறுவைக்கு மறுத்துவந்த காரணமும் அப்போதுதான் வெளியே வந்தது: கண்ணைத் திறந்துவிட்டால் இன்னும் நிறையப் பேர் வந்துவிடுவார்களோ என்ற பயம்.

"இது பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல ஆயா. கண்ணு மங்கினதால மூளை தானா படம் காட்டுது. உங்கள மாதிரி நிறைய பேருக்கு வருது, சொல்ல மாட்டேங்கறாங்க." வந்தால் கண்ணை இடமும் வலமுமாகச் சில தடவை ஆட்ட வேண்டும், விளக்கைப் போட வேண்டும், பலருக்கு உருவம் மறைந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தேன். மகனிடம் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டேன். சற்று யோசித்து, "நீங்களே சொல்லுங்க, நான் சொன்னா நம்பமாட்டான்," என்றார்.

அவருடைய வலது கண்ணில் விழித்திரையே கெட்டிருந்தது. இடது கண்ணில் இருந்தது பழுத்த புரை. மகன் வந்ததும் முழுவதையும் சொன்னேன்: இடது கண் தெரியவரும், வலது கண் இப்படியேதான் இருக்கும், பிள்ளைகள் வருவது குறையலாம், ஒரேயடியாக நின்றுவிடும் என்று என்னால் சொல்ல முடியாது. நான் சொன்னதை அவருடைய வார்த்தையில் அம்மாவுக்குத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அவர் தரையில் குந்தி, அம்மாவின் முகத்துக்கு நேராக, வலது கண் வராது என்பதையும் விடாமல் சொன்னார். ஆயா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பி, சர்க்கரைக்கு ரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வர வேண்டுமா, கஞ்சி குடித்துவிட்டு வரலாமா என்று கேட்டார்.